நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சிறு எழுத்துக் குழுமங்களும்: திருகோணமலையை முன்வைத்து ஒரு நோக்கு

சட்டநூல் ஒன்றை இலக்கிய மாணவர் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது நம்மிடையே பெருவழக்கன்று. சட்டம் சட்டத்தரணிகளுக்குரியது, கவிதையும் நாவலும் நமக்குரியவை என்றொரு வேலைப்பிரிவினை கேள்வியின்றி ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் எழுதுபவரும் வெளியிடுபவரும் வாசிப்பவரும் எந்நிலைமைகளிற் சந்திக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆவணம் இலக்கிய வரலாற்றின் புறத்தே நிற்பதொன்றாகாது. கார்ல் மார்க்ஸ் அரசியல் எழுத்துத் துறையில் அடியெடுத்து வைத்தமையே இத்தகைய வாசிப்பொன்றின் மூலமாகத்தான். 1841 டிசெம்பரில் பிரஷ்ய அரசு வெளியிட்ட தணிக்கை அறிவுறுத்தலை, அதன் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கி, 1842 இன் தொடக்கத்தில் அவர் விமர்சனம் எழுதினார். அது ஜேர்மனியில் வெளிவர இயலாது, மறு ஆண்டு சுவிற்சர்லாந்திலேயே அச்சேறியது. செயலை விட்டு எழுதுபவரின் மனப்போக்கைத் தண்டிக்க முனையும் சட்டம் சட்டமென்ற பெயருக்கே உரியதன்று என்பது அவ்விமர்சனத்தின் சாரம்.

அக்காலத்துத் தணிக்கை பற்றிய மற்றுமொரு செய்தி எமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. 1819 ஆம் ஆண்டின் கார்ல்ஸ்பாட் தீர்மானங்கள் இருபது அச்சுத்தாளுக்குக் குறைந்த, அதாவது ஏறத்தாழ 320 பக்கத்துக்கு உட்பட்ட வெளியீடுகளையே முன்தணிக்கைக்கு உட்படுத்தின. தடித்த நூல்கள் தப்பின. தடித்த நூலை விலைகொடுத்து வாங்கக்கூடியவர் யார், மெல்லிய துண்டுப் பிரசுரத்தைக் கைமாற்றி வாசிப்பவர் யார் என்பதை ஆளும் வர்க்கம் நன்கறிந்திருந்தது. ஒரு சட்டம் அளவை எவ்வாறு கணக்கிடுகிறது என்று பார்த்தால் அதன் வர்க்க முகத்தின் ஒரு பகுதி தெரிந்துவிடும்.

இலங்கையின் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இந்நோக்கிலேயே அணுக விரும்புகிறோம். இச்சட்டம் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஊடகவியலாளர், அரசியற் செயற்பாட்டாளர், பெரும் சமூக ஊடக நிறுவனங்கள் ஆகியோரை மனங்கொண்டவை. ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில், தமது கைப்பணத்திற் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு இணையக் குழுமங்களை, குறிப்பாகத் தமிழ் எழுத்தாளரும் வாசகரும் கூடும் குழுமங்களை, இது எவ்வாறு பாதிக்கும் என்ற வினா போதிய கவனம் பெறவில்லை. அவற்றை நசுக்கவல்லது இச்சட்டம் கூறும் தண்டம் மாத்திரமன்று. கூலியற்ற வாசகரிடம் அது கோரும் தீர்ப்பின் வேகம் தண்டத்திலும் பார்க்கக் கொடியது என்பதே எமது கருத்து.

சட்டத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 'காப்பு' தமிழ்ப் புலமை மரபுக்கு அந்நியமான சொல்லன்று. பழந்தமிழ் நூல்கள் பல காப்புச் செய்யுளோடு தொடங்குகின்றன. நூல் இடையூறின்றி நிறைவெய்தல் வேண்டும் என்ற வேண்டுதல் அது. அங்கே காக்கப்படுவது நூல். காப்பதற்கு அழைக்கப்படுவது தெய்வம். இங்கே நூலினின்றும் மக்களைக் காப்பதாகக் கூறிக்கொண்டு அரசு முன்வருகின்றது. மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைத் தேர்ந்தபோது இத்தகைய எண்ணம் எதுவும் அவருக்கு இருந்திராது. எனினும் திருகோணமலையில் வாழும் ஒருவர் இச்சொல்லை வேறொரு செவியாற் கேட்பார். துறைமுகத்தின் பயனால் உருவான நகரம் அது. பிரட்ரிக் கோட்டையும், கடற்படைத் தளமும், பிரித்தானியர் தமது போர்க்கப்பல்களுக்காகச் சீனக்குடாவில் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளும் அந்நகரின் நிலவமைப்பை வகுத்தன. 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், 1987 இன் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இத்துறைமுகம் இடம்பெற்றதும் அதே காரணத்தாலாகும். 2007 இல் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, அங்கு பிறந்தவர்களுக்குத் தமது வயலும் வீடும் எட்டாத இடங்களாயின. ஆகவே அங்கு 'பாதுகாப்பு' என்பது வேலியும் சோதனைச் சாவடியும் உடையதொரு பௌதிகப் பொருள்.

இந்நகரின் இலக்கிய உற்பத்தி வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும். ஈழத்தின் ஆரம்பகாலத் தமிழ்ப் புனைகதைகளுட் சுட்டப்படும் 'ஊசோன் பாலந்தை கதை'யை 1891 இல் எழுதிய இன்னாசித்தம்பி திருகோணமலையைச் சேர்ந்தவர். 'மோகனாங்கி'யை எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் அவ்வூரவரே. ஆனால் அந்நாவல் 1895 இல் சென்னையிலேயே வெளியாயிற்று. எழுதும் ஆற்றல் துறைமுகத்தில் இருந்தது, அச்சுக்கூடமும் சந்தையும் கடலுக்கப்பால் இருந்தன. பிரமிள் என்று பின்னர் அறியப்பட்ட தருமு சிவராமு 1939 இற் பிறந்து இந்நகரில் வளர்ந்தவர். இருபதைத் தாண்டிய வயதில் தம் எழுத்தை அனுப்ப அவர் கண்ட இடம், சி.சு. செல்லப்பா சென்னையில் நடத்திய 'எழுத்து'. பிரமிளின் தத்துவ நிலைப்பாட்டோடும், இலக்கியத்தைத் தனிமனித அனுபவத்துள் ஒடுக்கிய அவ்விதழின் அழகியலோடும் எமக்கு உடன்பாடில்லை. ஆயினும் வணிக இதழ்களும் கட்சி இதழ்களும் இடமளிக்காத ஒரு துறைமுக நகர இளைஞருக்கு அச்சிற்றிதழ் வாயிலைத் திறந்தது என்பதை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. முற்போக்கு முகாமைச் சேர்ந்த நாம் சிற்றிதழ் என்றதும் 'குழு மனப்பான்மை' என்று சொல்லி அப்பாற் செல்லும் வழக்கமுடையோம். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் ஒரு முடிதிருத்தகத்திலிருந்து 1966 இல் தொடங்கிய 'மல்லிகை'யும் உற்பத்தி முறையைப் பொறுத்தவரை அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

போர் மீண்டும் மூண்டிருந்த 2007 இல் திருகோணமலையிலிருந்து ஒரு கவிதை இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் பெயர் 'நீங்களும் எழுதலாம்'. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுத்தை வெளியூருக்கு ஏற்றுமதி செய்துவந்த ஒரு நகரம் தன் சொந்தப் பக்கங்களைக் கொண்டு மற்றவர்களை அழைத்த செயலாக இப்பெயரை நாம் வாசிக்கிறோம். எழுத்தின் உற்பத்திச் சாதனம் பிறர் கையில் இருக்குமிடத்து 'நீங்களும் எழுதலாம்' என்பது வெறும் உபசார வார்த்தையாகாது.

இணையம் வந்தபோது இதே தொண்டு உழைப்பு அங்கும் சென்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாக வழங்கியது. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' ஈழத்து வெளியீடுகளை மின்வடிவில் தொகுத்தது. யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் 1981 இல் எரிந்த ஒரு சமூகத்தில் இவ்வுழைப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இவற்றின் அருகே கவிதை வாசிப்புக் குழுக்கள், ஊர்ச் சங்கங்களின் பக்கங்கள், பழைய மாணவர் வட்டங்கள், விவாதக் களங்கள் எனப் பல தோன்றின, மறைந்தன, மீண்டும் தோன்றின. கொழும்பும் கனடாவும் இலண்டனும் கிண்ணியாவும் மூதூரும் ஒரே உரையாடலில் அமர்வது இவற்றிற் சாதாரணம்.

இக்குழுமங்களில் ஒரு புதிய இலக்கியத் தொழிலும் பிறந்தது. அதற்குத் தமிழ் இணையம் 'மட்டுறுத்துநர்' என்று பெயரிட்டது, நல்ல ஆக்கம். பத்திரிகாசிரியர் வெளியிடத் தக்கதைத் தெரிகிறார். மட்டுறுத்துநர் வெளியாகிவிட்டதை வாசித்து, சினத்தைத் தணித்து, வசையை அகற்றி, உரையாடல் தொடர வழிசெய்கிறார். பகல் வேலை முடிந்து இரவில் இதனைச் செய்பவர் ஆசிரியராக இருக்கலாம், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருக்கலாம், பரிஸ் நகரில் உணவகத் தொழிலாளியாக இருக்கலாம். இவ்வுழைப்புக்குக் கூலியில்லை. அது பண்டமாவதுமில்லை. அதே உழைப்பு முகநூலின் பக்கமொன்றில் நிகழும்போது அதன் பயனை விளம்பர வருவாயாக நிறுவனம் அறுவடை செய்கிறது. குழுமத்தின் சொந்தத் தளத்தில் நிகழ்ந்தால் பயன் குழுமத்தோடேயே நிற்கிறது. தொண்டர் ஒருவரே, அவர் செய்யும் வேலையும் ஒன்றே. உற்பத்தி உறவு மாத்திரம் வேறு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2023 செப்டெம்பரில் சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்தின் முன் சென்றன; முப்பத்தொரு வாசகங்கள் திருத்தப்பட வேண்டும் என நீதிமன்றம் கண்டது. 2024 ஜனவரி 24 இல் 108 க்கு 62 என்ற வாக்குகளாற் பாராளுமன்றம் அதனை நிறைவேற்ற, பெப்ரவரி 1 இல் சபாநாயகர் சான்றுரைத்தார். நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் யாவும் உள்வாங்கப்பட்டனவா என்ற சர்ச்சை அதன் பின்னரும் ஓயவில்லை. சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றைச் சட்டம் தோற்றுவிக்கின்றது. தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலாகும், அல்லது மக்கட் பிரிவினரிடையே பகைமையை வளர்க்கும் பொய்யான கூற்றைப் பரப்புபவருக்கு ஐந்தாண்டு வரையான சிறையோ ஐந்து இலட்சம் ரூபா வரையான தண்டமோ உண்டு. பாதிக்கப்பட்டதாகக் கருதுபவர் எவரும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். கூற்றைத் தடுக்கும்படி அறிவித்தல் வந்தால் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் இணங்குதல் வேண்டும். தடைசெய்யப்பட்ட கூற்றுகள் மூன்று, ஆறு மாத காலத்துள் ஒரு தளத்தில் வெளியாகியிருப்பின் அத்தளமே பிரகடனப்படுத்தப்பட்ட இடமாகலாம். அதன்பின் அதற்குப் பண உதவி செய்வதும் குற்றத்தின் எல்லைக்குள் வரும். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான கூற்றுகள் கடந்து செல்லும் ஒரு நிறுவனத்துக்கும், ஐம்பது பேர் கவிதை பேசும் குழுமத்துக்கும் 'மூன்று' என்ற எண் ஒன்றே. கார்ல்ஸ்பாட்டின் இருபது அச்சுத்தாள் வெளிப்படையாகச் சிறியதைக் குறிவைத்தது. இச்சட்டம் அளவை அறவே பாராமையினால் அதே இடத்தை வந்தடைகிறது.

பொய்யான கூற்று எது என்பதற்குச் சட்டம் தரும் வரைவிலக்கணம் இலக்கிய மாணவர் நின்று நோக்க வேண்டிய பகுதி. கூறுபவர் பிழையென்று அல்லது உண்மையன்றென்று அறிந்தோ நம்பியோ செய்யும் கூற்று, குறிப்பாக ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் எண்ணத்தோடு செய்யப்படுவது, பொய்யான கூற்றாகும். நன்னம்பிக்கையிற் சொல்லப்படும் கருத்து அதில் அடங்காது. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் வந்த, முன்னையதிலும் பார்க்கத் திருந்திய வடிவம் இது. ஆயினும் 'உண்மையன்றென்று கூறுபவரே அறிந்த கூற்று' என்பது புனைகதைக்கான வரைவிலக்கணமுமாகும். சிறுகதாசிரியர் எவரும் தம் பாத்திரம் உண்மையில் வாழ்ந்ததென்று நம்பி எழுதுவதில்லை. புனைகதையைக் காப்பாற்றக் கூடியது 'ஏமாற்றும் எண்ணம்' என்ற நிபந்தனை ஒன்றே. அதன் முன்னே 'குறிப்பாக' என்றொரு சொல் நிற்கிறது. குறிப்பாக என்றால் கட்டாயமாகவா, பெரும்பாலுமா? இவ்வொரு வினையெச்சத்தின் மேல் ஒரு தேசத்தின் புனைகதை முழுவதும் அமர்ந்திருக்கிறது.

இதை மிகையென்று கருதுபவர்கள் இச்சட்டத்துக்கு முந்திய இரு வழக்குகளை எண்ணிப் பார்க்கலாம். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் வெளியிட்ட சிறுகதையொன்றுக்காக 2019 ஏப்பிரலிற் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். அதற்குப் பயன்பட்டது 2007 ஆம் ஆண்டின் குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். உரிமைகளைக் காக்கவென்று பெயரிட்ட சட்டம் சிறுகதைக்கு எதிராக வந்ததைக் குறித்துக்கொள்வோம். அவர் 2021 பெப்ரவரியில்தான் விடுவிக்கப்பட்டார். மற்றவர் மன்னார் மாவட்டத்துக் கவிஞர் அஹ்னப் ஜஸீம். 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுதி 2017 இல் வெளிவந்தது. 2020 மே 16 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைதானார். அக்கவிதைகள் தீவிரவாதத்தைப் போதிக்கின்றன என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அத்தொகுதியில் வன்முறையையும் ஆயுதக் குழுக்களையும் கண்டிக்கும் கவிதைகளே உள்ளன என்பதைத் தமிழ் வாசகர் எவரும் ஒரு மாலைப் பொழுதிற் கண்டுகொண்டிருப்பார். அரசுக்கு அவ்வாசிப்பு எளிதாக இருக்கவில்லை. 2021 டிசெம்பரிற் பிணையும், 2023 டிசெம்பர் 12 இற் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலையும் கிடைத்தன.

ஒரு மெல்லிய கவிதை நூல் குற்றமற்றது என்று கண்டறிய, பொலிசும் சட்டத்துறையும் நீதிமன்றமும் தம் வசமுள்ள ஓர் அரசுக்கு மூன்று ஆண்டும் ஏறத்தாழ ஏழு மாதமும் வேண்டியிருந்தன. அத்தகைய கவிதையொன்றை உறுப்பினர் ஒருவர் குழுமத்தில் இட்டு, அதன்மீது அறிவித்தல் வந்தால், இரவு வேலை முடிந்து கணினி முன் அமரும் தொண்டர் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் என்ன செய்வார்? குறிப்புப் பொருளும் அங்கதமும் உருவகமும் பொய்யா மெய்யா என்று ஆராய அவருக்கு நேரமில்லை, சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமுமில்லை. அழித்துவிடுவார். அடுத்த முறை அறிவித்தலுக்கு முன்னரே அழிப்பார். அதற்கடுத்து அத்தகைய எழுத்தை அனுப்ப வேண்டாமென்று நண்பரிடம் தனியே சொல்வார். அரசு சம்பளம் கொடாத ஒரு தணிக்கை அதிகாரி உருவாகிவிட்டார். விமர்சனம் என்ற செயலுக்கு வேண்டிய காலத்தைச் சட்டம் பறித்துவிட்டால், வாசகர் கையில் எஞ்சுவது அழிப்பான் ஒன்றே.

உண்மை பொய் என்ற பாகுபாட்டைத் திருகோணமலையில் நின்று பேசும்போது 2006 ஜனவரியைக் கடந்து செல்ல முடியாது. அம்மாதம் 2 ஆம் திகதி மாலை கடற்கரையில், காந்தி சிலைக்கருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து மாண்டனர் என்பதே முதலில் வெளியான உத்தியோகபூர்வ விளக்கம். 'சுடர் ஒளி'யின் பிரதேச நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள் உடல்களிலிருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை உலகுக்குக் காட்டின. அம்மாதம் 24 ஆம் திகதி காலை அவர் அந்நகரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கிற் சந்தேகநபர்களாயிருந்த பாதுகாப்புப் படையினர் பதின்மூவரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். சுகிர்தராஜன் கொலையுண்டு சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அதே ஜனவரி 24 இல், நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியமை தற்செயலே. ஆயினும் வினா தற்செயலானதன்று. அவ்வொளிப்படங்கள் இன்று ஒரு சிறு குழுமத்தில் வெளியாகின்றன என்று கொள்வோம். அரசின் விளக்கத்துக்கு மாறான, பொது ஒழுங்கைக் குலைக்கக்கூடிய, இனங்களிடையே பகைமை வளர்க்கும் கூற்று என்று அவற்றின் மீது முறையீடு வர எத்தனை நாழிகை செல்லும்? பின்னாளில் உண்மையென்று நிலைபெறும் பல செய்திகள் முதல் நாளில் ஒரு சிலர் மட்டுமே சொல்லும், நிரூபணம் முழுமையுறாத கூற்றுகளாகவே இருக்கின்றன. முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் நிரூபணத்தின் சாதனங்கள் யாவும் அதிகாரத்தின் கையிலேயே இருக்கும்.

இவ்விடத்து எம்மைத் தாராளவாதிகளோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. எவரும் எதையும் சொல்லலாம் என்ற கோட்பாட்டை நாம் வழிமொழியவில்லை. 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது முகநூலிற் பரவிய வெறுப்புக்கும் அத்தாக்குதல்களுக்கும் தொடர்பிருந்தது. அந்நிறுவனமே 2020 மேயில் அதற்காக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பெண்களின் அந்தரங்கப் படங்களைப் பரப்பி அவர்களைச் சிதைக்கும் கொடுமை நம் ஊர்களிலும் நாள்தோறும் நிகழ்கிறது. அதற்கெதிராகச் சட்டம் வேண்டும் என்று கோரிய பெண்களின் குரல் நியாயமானது. சிறு குழுமங்களும் தூய்மையின் இருப்பிடங்களல்ல. சாதி பார்க்கும் கேலி, பெண் எழுத்தாளர் மீதான வசை, பிரதேசவாதம் ஆகியன நம் இலக்கியக் களங்களிலும் உண்டு. அவற்றை நட்பின் பெயரால் மட்டுறுத்துநர்கள் கண்டுங்காணாது விட்டமையும் உண்டு.

ஆனால் திகனவின் வெறுப்பு எங்கு விளைந்தது? சினத்தை வளர்த்தாற் பார்வையாளர் தங்குவர், தங்கினால் விளம்பரம் விற்கும் என்ற கணக்கில் இயங்கும் பெருந்தளத்தில் விளைந்தது. சிங்களம் அறிந்த போதிய வாசகர்களை வேலைக்கமர்த்தச் செலவிட விரும்பாத இலாப நோக்கு அதற்கு நீர் பாய்ச்சியது. நோயின் காரணம் மூலதனத்தின் இயக்கத்தில் இருக்க, சட்டமோ தனித்தனிக் கூற்றுகளின் பின்னால் ஓடுகிறது. பெருநிறுவனங்களுக்கு அரசோடு பேச வாயுண்டு. கூகுள், மெற்றா முதலியன அங்கம் வகிக்கும் ஆசிய இணையக் கூட்டணி இச்சட்டத்தை நடைமுறைக்கு ஒவ்வாததென்று வெளிப்படையாகக் கூறியது. சட்டத்தின் மை உலருமுன், 2024 பெப்ரவரியிலேயே திருத்தம் பற்றி அமைச்சரவை பேசத் தொடங்கிவிட்டது. கிண்ணியாவிலோ உவர்மலையிலோ பத்துப் பேர் நடத்தும் வாசிப்புக் குழுவுக்கு எந்தக் கூட்டணி வாய்திறக்கும்?

பிரித்தானியாவில் இவ்வியக்கம் மேலும் தெளிவாகத் தெரிகிறது. இலங்கையைக் காட்டிலும் நீதித்துறைக் காவல்கள் வலுவாயுள்ள நாடாகையால், அரசியல் அடக்குமுறையைக் கழித்துவிட்டு, சட்டத்தின் பொருளாதார விளைவை மாத்திரம் அங்கே காணலாம். 2023 ஆம் ஆண்டின் நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் கடமைகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. மீறினாற் பதினெட்டு மில்லியன் பவுண் அல்லது உலக வருவாயிற் பத்து வீதம், எது பெரிதோ அதுவரை தண்டம் விதிக்கலாம். ஆண்டு வருவாயே இல்லாத குழுமத்துக்கு இவற்றுள் எது பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இலண்டன் மிதிவண்டிப் பிரியர்களின் நீண்டகாலக் களமொன்றை நடத்திய தொண்டர் அதனை மூடப்போவதாக 2024 டிசெம்பரிலேயே அறிவித்தார். வெள்ளெலி வளர்ப்போரின் களமொன்று தன் உறுப்பினர்களை இன்ஸ்டகிராமுக்குச் செல்லுமாறு கூறி விடைபெற்றது. வெள்ளெலி வளர்ப்பது நகைப்புக்குரிய உதாரணமாகத் தோன்றலாம். போக்கிடம் எதுவென்று கவனிக்கவும். எந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தவென்று சட்டம் பிறந்ததோ, அந்நிறுவனங்களின் முற்றத்துக்கே சிறு குழுமத்து மக்கள் இடம்பெயர்கிறார்கள். இணங்கி நடக்கும் செலவு மூலதனச் செறிவைத் துரிதப்படுத்தும் கருவியாகிறது. தொண்டர்களின் உழைப்பால் இயங்கும் விக்கிப்பீடியாவைத் தாங்கும் அறக்கட்டளை, பெருந்தளங்களுக்குரிய கடமைகள் தன்மீதும் விழக்கூடாதென்று தொடுத்த வழக்கும் 2025 ஒகஸ்டில் இலண்டன் மேல் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

இதே நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை முற்போக்கு வாசகர் அறிவர். 1819 ஆம் ஆண்டின் பத்திரிகை முத்திரைச் சட்டம் மலிவான இதழ்களின் ஒவ்வொரு பிரதிக்கும் நான்கு பென்ஸ் முத்திரை வேண்டுமென்றது. வெளியிடுபவர் இலண்டனில் முந்நூறும் வெளியூரில் இருநூறும் பவுண் பிணை வைக்க வேண்டுமென்றது. தேவநிந்தையையும் அரசநிந்தையையும் தடுத்தல் என்பது சொல்லப்பட்ட நோக்கம். விளைவில், முத்திரையின்றி வெளிவந்த தொழிலாளர் இதழ்களை விற்றவர்கள் சிறை சென்றனர். முத்திரைச் செலவைத் தாங்கக்கூடிய மதிப்புக்குரிய பத்திரிகைகள் நிலைத்தன. 1855 இல் முத்திரை ஒழிந்தபோது சந்தை முதலாளிகளுக்கு ஆயத்தமாக இருந்தது.

இலங்கையும் இவ்வழியை முன்னர் முயன்றது. 2011 நவம்பரில், நாட்டைப் பற்றிய செய்தி வெளியிடும் இணையத்தளங்கள் யாவும் பதிவுசெய்ய வேண்டுமென ஊடக அமைச்சு பணித்தது. மறு ஆண்டு பதிவுக் கட்டணம் ஒரு இலட்சம் ரூபா, வருடாந்தப் புதுப்பிப்பு ஐம்பதாயிரம் என்ற தீர்மானம் வந்தது. அன்றைய நிலையில் ஒரு சிற்றிதழ் தன் ஆயுட்காலம் முழுவதும் கண்டிராத தொகை அது. கட்டணத்தின் மொழி வெளிப்படையானதாகையால் அதனை எதிர்ப்பதும் எளிதாயிருந்தது. இருபத்துநான்கு மணித்தியாலம் என்ற கட்டணத்தை ரூபாவிற் கணக்கிட முடியாமையால், அது கட்டணம் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

சட்டமே வேண்டாம் என்பது எமது முடிவன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 ஆம் ஆண்டின் எண்ணிமச் சேவைகள் சட்டம், ஐம்பது பேருக்குக் குறைந்த ஊழியரும் பத்து மில்லியன் யூரோவுக்கு மேற்படாத வருவாயும் உடைய நிறுவனங்களைத் தளங்களுக்குரிய கடமைகள் பலவற்றிலிருந்து விலக்கியது. முதலாளித்துவச் சட்டமும் அளவைக் காண இயலும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அங்கும் அலகு நிறுவனமே; இலாபமற்ற, ஊழியரற்ற, சில வேளைகளிற் பெயர்கூடப் பதியப்படாத நட்பு வட்டத்துக்கு எம்மொழியிலும் சட்டப்பெயர் இன்னும் இல்லை. இலங்கைச் சட்டத்தைத் திருத்துவோர் விளம்பர வருவாயை முதல் அளவுகோலாகக் கொள்ளட்டும். மனிதரின் உடலுக்கும் மானத்துக்கும் நேரும் உடனடித் தீங்கை வேறு பிரிவில் வைத்து, அதற்கு இருபத்துநான்கு மணித்தியாலம் என்ன, இரண்டு மணித்தியாலங்கூடக் கோரட்டும். கருத்தையும் கதையையும் பற்றிய முறையீட்டில் நீதவானின் கட்டளை வரும்வரை எழுத்து நிற்கவும், குழுமம் தன் வாசிப்பை எழுத்தில் முன்வைக்கவும் இடமிருக்கட்டும்.

இவற்றிலும் அவசரமானதொன்று உண்டு. எண்பதுகளின் துண்டுப் பிரசுரங்களும், தடைசெய்யப்பட்ட இயக்கங்களின் இதழ்களும், கையெழுத்துப் பத்திரிகைகளும் இன்று தொண்டர்களால் மின்வடிவாக்கப்படுகின்றன. அவற்றுள் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு, இன்று நாம் வெட்கப்பட வேண்டிய பகைமைச் சொற்களும் உண்டு. வரலாற்று மாணவருக்கு மூன்றும் வேண்டும. ஒரு பழைய பக்கத்தைப் படியெடுத்து இணையத்தில் வைப்பவர், அதிலுள்ள கூற்றைப் 'பரப்புபவர்' ஆகின்றாரா என்பதற்குத் தெளிவான விடையைச் சட்டத்தின் சொற்களிலிருந்து பெற இயலவில்லை. திருத்தம் எழுதுவோரிடம் இவ்வினாவைத் தமிழ்த்துறைகளும் பல்கலைக்கழக நூலகங்களும் எழுத்து மூலம் முன்வைக்க வேண்டும். அதனைத் தொண்டர்களின் தலையில் விட்டுவிடுவது முறையன்று.